டோரஸா, சாந்தோஸா, ஃப்ளேட்டாவா, ராமிரெஸா: எந்த வரைபடத்தைக் கையில் எடுப்பது?

ஸ்பானிய முறையில் கிட்டார் செய்யத் தொடங்கும் பலர் முதலில் மரத்தை வாங்கிவிட்டு, எந்த வரைபடம் என்பதை அப்புறம் யோசிக்கிறார்கள். வரிசை தலைகீழ். மேல்பலகை ஸ்ப்ரூஸா சிடாரா, தந்தி நீளம் (தந்தியின் அதிரும் பகுதி) 650 மி.மீ.யா 664 மி.மீ.யா, பக்கப்பலகை ஒற்றையா இரட்டையா என்பதையெல்லாம் வரைபடம்தான் முடிவு செய்கிறது. விற்பனையில் இருக்கும் வரைபடங்கள் ஏராளம். ஆனால் பெரும்பாலானவற்றின் பூர்வீகத்தைத் தேடிப் போனால் நான்கு பெயர்களில் வந்து நிற்கும்: அன்டோனியோ டி டோரஸ், சாந்தோஸ் எர்னாந்தெஸ், இக்னாசியோ ஃப்ளேட்டா, மூன்றாம் ஹொசே ராமிரெஸ். கைவினைஞர் ஒருவரிடம் “டோரஸ் மாதிரி வேண்டும்”, “ஃப்ளேட்டா மாதிரி வேண்டும்” என்று ஆர்டர் கொடுப்பவர் முன்னாலும் இதே கேள்விதான் இருக்கிறது.

பேச்சு எடுத்ததும் எல்லோரும் விசாரிப்பது விசிறிச் சட்டங்கள், அதாவது மேல்பலகையின் உட்புறத்தில் விசிறிபோல் விரித்து ஒட்டும் மெல்லிய மரச் சட்டங்கள், எத்தனை என்பதைத்தான். டோரஸ் ஏழு, ஃப்ளேட்டா ஒன்பது என்று எண்ணிக்கையை வைத்தே ஒலியைக் கணித்துவிடுகிறார்கள். எண்ணிக்கைக்கு அவ்வளவு மரியாதை தேவையில்லை. பலகையின் விறைப்பு தடிமனின் மும்மடியாக மாறும். 2.5 மி.மீ. பலகையை 2.2 மி.மீ.க்கு இழைத்தால் எடை 12 சதவீதம்தான் குறையும். விறைப்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போய்விடும். சட்டத்தின் உயரத்துக்கும் அதே கணக்கு: 4 மி.மீ. உயரத்தை 3 மி.மீ. ஆக்கினால் பாதிக்கு மேல் விறைப்பு காணாமல் போகும். அகலத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் அந்த அளவுக்கு விளையாடாது. ஆகவே ஏழு சட்டமும் ஒன்பது சட்டமும் ஒரே விறைப்பைத் தர முடியும். இந்த நான்கு பேரையும் பிரித்துக் காட்டுவது, விறைப்பையும் எடையையும் கிட்டாரின் எந்தெந்தப் பகுதியில் வைத்தார்கள் என்பதுதான்.

டோரஸ் (1817–1892) அல்மேரியாவை ஒட்டிய லா கன்யாதாவில் பிறந்தவர். 1852 முதல் 1869 வரை செவில் நகரிலும், 1875 முதல் சாகும்வரை அல்மேரியாவிலும் கிட்டார் செய்தார். அவர் கருவிகளுக்கு இன்று எண் இடுவதும் இந்த இரண்டு காலங்களை வைத்துத்தான். ஸ்பானியக் கிட்டார் கலைஞர் தாரேகா வாசித்த 1864-ஆம் ஆண்டுக் கிட்டார் முதல் காலத்தின் 17-ஆம் எண். விசிறிச் சட்டம் அவர் கண்டுபிடிப்பு என்று சொல்வது தவறு. காதிஸ் நகரத்துப் பாஹெஸ், பெனெதித் பட்டறைகளில் 18-ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே அது புழங்கியது. டோரஸ் செய்தது வேறு: உடலைப் பெரிதாக்கினார், மேல்பலகையை மெலிதாக்கினார், அந்த மெலிவு தாங்குவதற்காகப் பலகைக்கு ஒரு குவிவைக் கொடுத்தார். 650 மி.மீ. தந்தி நீளம் நிலைத்ததும் அவர் வழியாகத்தான்.

ஒலி எங்கிருந்து வருகிறது என்பதில் அவருக்கு இருந்த உறுதிக்குச் சாட்சி பார்சிலோனா இசை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1862-இல் அவர் செய்த ஒரு கிட்டாருக்கு முதுகும் பக்கமும் அட்டை. மேல்பலகை மட்டும் ஒழுங்கான ஸ்ப்ரூஸ். விலையுயர்ந்த ஈட்டி மரப் பலகைக்காகப் பணத்தைக் கொட்டிவிட்டு, மேல்பலகைக்குக் கிடைத்ததை வாங்குபவர்கள் இந்த ஒரு கருவியை நினைத்துக்கொண்டால் போதும். டோரஸே மேப்பிளிலும் சைப்ரஸிலும் நல்ல கருவிகளைச் செய்திருக்கிறார்.

அவருடைய மேல்பலகை நடுவில் ஏறத்தாழ 2 முதல் 2.5 மி.மீ. தடிமன், கீழ் அகலத்தின் (இடுப்புக்குக் கீழே உடல் விரியும் பகுதி) ஓரத்துக்குப் போகப் போக இன்னும் மெலியும். ஏழு விசிறிச் சட்டங்களும் தாழ்ந்தவை, 3 முதல் 4 மி.மீ. உயரம். அவற்றின் கீழ்முனையை இரண்டு சாய்வுச் சட்டங்கள் மூடுவதால், ஒலித்துளைக்குக் கீழே ஒரு பட்டத்தின் வடிவம் கிடைக்கும். ஒலித்துளைக்குள் தோர்னாவோஸ் என்ற உலோகக் குழலைப் பொருத்திய கருவிகளும் உண்டு. காற்றின் அதிர்வெண்ணைத் தாழ்த்தி மந்திர ஸ்தாயியைக் கனப்படுத்துவது அதன் வேலை. முதல் முறை செய்பவர் அதைத் தொட வேண்டாம்.

டோரஸ் வரைபடத்தில் கவனம் முழுவதும் குவிவில் இருக்க வேண்டும். மேல்பலகையைக் கவிழ்த்து வைத்து வேலை செய்யும் தளப்பலகைக்குச் சொலேரா என்று பெயர். அதன் கீழ் அகலப் பகுதியை, தந்திகளைக் கட்டும் பிரிட்ஜ் வரும் இடத்தில் 2 முதல் 2.5 மி.மீ. ஆழம் வருமாறு குழிவாகச் சுரண்ட வேண்டும். ஒலித்துளைக்குக் கீழுள்ள குறுக்குச் சட்டத்தை எட்டும்போதும் ஓரத்தை எட்டும்போதும் ஆழம் பூஜ்ஜியமாகிவிட வேண்டும். ஒவ்வொரு விசிறிச் சட்டத்தின் அடிப்பக்கத்தையும் அந்தக் குழிவுக்குப் பொருந்த இழைத்து, வச்சிரம் தடவி, பட்டறையின் மேல்தட்டிலிருந்து வளைத்து விட்ட மூங்கில் சிம்புகளால் அழுத்தி ஒட்டுவார்கள். சட்டத்தின் அடியைத் தட்டையாக விட்டுவிட்டு அழுத்தத்தாலேயே வளைத்து ஒட்டலாம் என்று தோன்றும். அன்றைக்கு நன்றாகத்தான் இருக்கும். சொலேராவிலிருந்து எடுத்ததும் சட்டம் நிமிரப் பார்க்கும், குவிவு பாதியாகிவிடும். தந்தி ஏற்றியபின் பிரிட்ஜுக்கு முன்னால் பள்ளமும் பின்னால் மேடும் விழுவதற்கு முதல் காரணம் இதுதான்.

இரண்டாவது காரணம் தந்தியின் உயரம். நடுத்தர இழுவிசைத் தந்திகள் ஆறும் சேர்ந்து 650 மி.மீ. நீளத்தில் சுமார் 38 முதல் 40 கிலோ இழுக்கின்றன. அந்த இழுப்பு பிரிட்ஜைத் திருக முயலும் விசை, சேடிலில் (பிரிட்ஜின் மேல் தந்தியைத் தாங்கும் சிறு பட்டை) தந்தி மேல்பலகையிலிருந்து எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பதைப் பொறுத்தது. 11 மி.மீ. உயரத்தை 10 மி.மீ. ஆக்கினால் திருகுவிசை 9 சதவீதம் குறையும். டோரஸ் பலகைக்கு 10 மி.மீ.யைத் தாண்டாமல் இருப்பது நல்லது. கழுத்தை நட் முனையில் (தலைப்பக்கம் தந்தியைத் தாங்கும் பட்டை இருக்கும் இடம்) 1.5 முதல் 2 மி.மீ. வரை மேல்பலகைப் பக்கம் சாய்த்து அமைத்தால் இது தானாக வரும். அந்தச் சாய்வைச் சொலேராவிலேயே வெட்டிவிட வேண்டும். ஸ்பானியக் குதிகால் என்ற கழுத்து இணைப்பு முறையில் பக்கப்பலகைகள் கழுத்துக் கட்டையின் பிளவுக்குள்ளேயே செருகப்படுவதால், முதுகை ஒட்டியபின் கழுத்துக் கோணத்தைத் திருத்த வழியே கிடையாது.

பக்கத்தையும் மேல்பலகையையும் சேர்க்கும் இடத்தில் நீளமான பட்டைக்குப் பதில் பியோன் என்ற சிறு முக்கோணக் கட்டைகளை ஒவ்வொன்றாக ஒட்டுவது ஸ்பானிய வழக்கம். சலிப்பான வேலைதான். ஆனால் குவிந்த பலகையை வலுக்கட்டாயமாக நெளிக்காமல் அது இருக்கிற நிலையிலேயே பிடித்துக்கொள்ள இதைவிட எளிய வழி இல்லை.

சரியாக அமைந்த டோரஸ் வகைக் கிட்டார் 1.2 கிலோவைத் தொடாது. மெல்லத் தொட்டாலும் பதில் சொல்லும், நிறம் மாற்றிக் காட்டும். பலமாக அடித்து வாசிப்பவருக்கு ஒரு கட்டத்துக்கு மேல் ஒலி ஏறாது. அடியின் சத்தம் மட்டும் ஏறும். சிறிய அரங்கு, ஒலிப்பதிவு, 19-ஆம் நூற்றாண்டுப் படைப்புகள் என்று இருப்பவருக்கு இதற்கு மேல் தேட வேண்டியதில்லை.

மாட்ரிட் பட்டறை டோரஸின் நேர் வாரிசு. மானுவல் ராமிரெஸ் (1864–1916) பட்டறையில் சாந்தோஸ் எர்னாந்தெஸும் டொமிங்கோ எஸ்தேசோவும் கைவினைஞர்களாக இருந்தார்கள். பின்னாளில் உலகப் புகழ் பெற்ற கிட்டார் கலைஞர் செகோவியா இளம் வயதில், 1912-இல், அங்கே பெற்ற கிட்டாரில் மானுவல் ராமிரெஸ் பெயர்தான் ஒட்டியிருக்கிறது. செய்த கை சாந்தோஸுடையது என்று பொதுவாகச் சொல்வார்கள். இன்று அது நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பின்னர் தனிப் பட்டறை வைத்த சாந்தோஸ் (1874–1943) டோரஸின் ஏழு சட்டத்தைக் கைவிடவில்லை. விறைப்பைக் கொஞ்சம் கூட்டினார், ஒலியை இறுக்கினார். சில கருவிகளில் ஒலித்துளைக்குக் கீழே ஒரு குறுக்குச் சட்டத்தைச் சரித்து, அதன் மெல்லிய தந்திப் பக்க முனை பிரிட்ஜை நோக்கி இறங்குமாறு வைத்தார். உச்ச ஸ்தாயி தந்திகளின் பக்கம் அதிரும் பரப்பு சிறிதாகி விறைப்படையும். அங்கே ஒலி கூர்மை பெறும்; கனத்த தந்திகளின் பக்கம் பழையபடி தளர்ந்திருக்கும். அடுத்த தலைமுறைக்கு அவர் விட்டுப்போன சொத்து இந்தச் சரிந்த சட்டம். ஃபிளமெங்கோ வாசிப்பவர்கள் சாந்தோஸின் சைப்ரஸ் கிட்டார்களை இன்னும் கொண்டாடுவதற்குக் காரணம், அடித்ததும் பாய்ந்து உடனே அடங்கும் ஒலி.

ஸ்பானியர் இல்லாவிட்டாலும் ஹெர்மன் ஹவுசரை இந்த இடத்தில் விட முடியாது. மூனிக்கில் இருந்த அவர், கிட்டார் கலைஞர்கள் லியோபெத், செகோவியா இருவரின் கருவிகளையும் பார்த்துப் படித்து, டோரஸ் அமைப்பை ஜெர்மானியத் துல்லியத்தோடு மறுபடி செய்தார். அவர் செய்த 1937-ஆம் ஆண்டுக் கிட்டாரைச் செகோவியா 1960-களின் தொடக்கம்வரை வாசித்தார். ஒவ்வொரு சுரமும் தனித்துக் கேட்க வேண்டும், ஆனால் டோரஸின் எளிய அமைப்பும் வேண்டும் என்பவர் சாந்தோஸ் அல்லது ஹவுசர் வரைபடத்துக்கே போகலாம். டோரஸைவிடப் பிழையை மன்னிக்கும் வரைபடங்கள் இவை. மேல்பலகை ஒரு 0.2 மி.மீ. கூடிப்போனாலும் கருவி ஊமையாகிவிடாது.

ஃப்ளேட்டாவிடம் வந்ததும் கதை மாறுகிறது. டெருவேல் மாகாணத்தில் பிறந்து பார்சிலோனாவில் பட்டறை வைத்த இக்னாசியோ ஃப்ளேட்டா (1897–1977) அடிப்படையில் வயலின், செல்லோ செய்பவர். 1950-களில்தான் முழுமூச்சாகக் கிட்டார் பக்கம் திரும்பினார். 1957-இல் செகோவியாவுக்கு முதல் கருவியைக் கொடுத்தார். செல்லோ செய்த கையின் பழக்கம் எல்லா இடத்திலும் தெரியும். கழுத்தை ஸ்பானியக் குதிகாலாகச் செய்யாமல், வயலின் பட்டறைக்காரர் வழியில் புறாவின் வால்போல் விரிந்த முனையைக் குழியில் செருகும் புறாவால் மூட்டுப் போட்டார். ஒன்பது விசிறிச் சட்டங்கள், கூடவே சரிந்த சட்டம். பலகையும் பக்கமும் கனமானவை. டோரஸ் பலகையில் பட்ட அடி உடனே ஒலியாகிக் கரைந்துவிடும். ஃப்ளேட்டா பலகை அதை வாங்கி வைத்துக்கொண்டு நீட்டி விடும். பெரிய அரங்கின் கடைசி வரிசைக்கு ஒரு தடித்த, உருண்ட ஒலி போய்ச் சேரும். கிட்டார் கலைஞர் ஜான் வில்லியம்ஸ் 1960-களில் ஃப்ளேட்டா வாசித்ததைக் கேட்டவர்களுக்கு இது விளங்கும்.

இந்த வரைபடத்தில் தவறு நடக்கும் இடம் ஒன்றே. ஒன்பது சட்டத்தை ஒட்டி முடித்ததும் விரலால் அழுத்திப் பார்ப்பவர், பலகை அசையவில்லையே என்று பயந்து சட்டங்களை ஒரேயடியாகச் சீவிவிடுகிறார். அல்லது பயம் எதிர்த்திசையில் வேலை செய்து, ஒன்றையும் சீவாமல் மூடிவிடுகிறார். முதல் வகைக் கருவியில் ஒலி பெரிதாகவும் தெளிவில்லாமலும் வரும்; இரண்டாவது வகையில் உச்ச தந்தி கண்ணாடியைத் தட்டுவது போலிருக்கும், கீழே ஒன்றும் இருக்காது. நடுவில் உள்ள மூன்று சட்டங்களை வரைபடத்தின் உயரத்திலேயே விட்டு, வெளிப்பக்கச் சட்டங்களின் கடைசி 30 முதல் 40 மி.மீ. வரை 1 மி.மீ. உயரத்துக்குச் சரிய வைப்பது பாதுகாப்பான வழி. விறைப்பு நடுவில், தளர்ச்சி ஓரத்தில். இன்னொன்று: புறாவால் மூட்டைக் கண்டு பின்வாங்க வேண்டாம். ஃப்ளேட்டாவின் மேல்பலகையை ஸ்பானியக் குதிகாலோடு செய்தாலும் ஒலியில் பெரிய நஷ்டம் வராது.

மூன்றாம் ஹொசே ராமிரெஸ் (1922–1995), மானுவலின் அண்ணன் முதலாம் ஹொசேயின் பேரன். 1960-களில் செகோவியா ஆயிரக்கணக்கானோர் அமரும் அரங்குகளில் ஒலிபெருக்கி இல்லாமல் வாசித்துக்கொண்டிருந்தார். அதற்கான கருவியைத் தேடியதன் விளைவுதான் ராமிரெஸின் முதல் தரக் கிட்டார். மாற்றங்கள் ஒவ்வொன்றும் பெரியவை. மேல்பலகைக்கு ஐரோப்பிய ஸ்ப்ரூஸை விட்டு, வட அமெரிக்காவின் மேற்குச் செஞ்சிடாரைக் கொண்டுவந்தார். தந்தி நீளத்தை 664 மி.மீ. ஆக்கினார். உடலைப் பெரிதாக்கினார், சரிந்த சட்டத்தைச் சேர்த்தார், ஈட்டி மரப் பக்கத்துக்கு உள்ளே சைப்ரஸ் ஒட்டி இரட்டையாக்கினார்.

664-இன் விலை என்ன என்று பார்ப்போம். ஒரே தந்தி, ஒரே சுருதி என்றால் இழுவிசை நீளத்தின் வர்க்கமாக ஏறும், அதாவது சுமார் 4.4 சதவீதம், மொத்தத்தில் ஒன்றேமுக்கால் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. நட்டிலிருந்து நான்காம் ஃப்ரெட் (விரல்பலகையில் பதித்த உலோகக் கம்பி) வரை 650 மி.மீ. கருவியில் 134 மி.மீ., 664-இல் 137. மூன்று மில்லிமீட்டர் அற்பம் என்று தோன்றும். முதல் நிலையில் சுண்டுவிரலை விரித்துப் பிடித்தபடி மூன்று பக்கம் வாசிக்க வேண்டியவருக்கு அது அற்பமில்லை. கை சிறியவர்களும் மாணவர்களும் இந்த வரைபடத்தைத் தேர்ந்தெடுக்கவே கூடாது என்பேன். ராமிரெஸ் மாதிரி ஒலி வேண்டும், கை மட்டும் இடம் கொடுக்கவில்லை என்றால், 650-க்கு மாற்றி வரைந்த திட்டத்தையே வாங்க வேண்டும். 664 வரைபடத்தை வைத்துக்கொண்டு தந்தி நீளத்தை மட்டும் சுருக்கினால் என்ன ஆகும் தெரியுமா? 12-ஆம் ஃப்ரெட் உடலின் தொடக்கத்தில் நிற்கும். பிரிட்ஜ் அங்கிருந்து 332 மி.மீ.க்குப் பதில் 325 மி.மீ.யில் வரும். ஏழு மில்லிமீட்டர் ஒலித்துளைப் பக்கம் நகர்ந்த பிரிட்ஜ், விசிறிச் சட்டங்களின் வேறு உயரத்தில், குவிவின் வேறு இடத்தில் உட்காரும். வெளியிலிருந்து பார்த்தால் ஒரு குறையும் தெரியாது.

இரட்டைப் பக்கப்பலகையில் நீர் கலந்த பசை ஆபத்து. ஈட்டியையும் சைப்ரஸையும் தனித்தனியாக ஏறத்தாழ 1.5 மி.மீ.க்கு இழைத்து, தனித்தனியாக வளைத்து, அச்சில் நன்கு காயவிட்ட பின்பே ஒட்ட வேண்டும். நீர்ப்பசையைத் தடவினால் சைப்ரஸ் ஈரத்தைக் குடித்து விரியும். அச்சிலிருந்து எடுத்த சில நாளில் பக்கம் முறுக்கிக்கொள்ளும். எபாக்சி போன்ற நீரில்லாப் பசையே இதற்குச் சரி. பலன் கண்கூடானது: பக்கம் விறைத்து நிற்பதால் மேல்பலகையின் அதிர்வு ஓரத்தில் ஒழுகிப் போவது குறையும்.

ஈட்டி மரம் என்றதும் ஒரு செய்தி. ஸ்பானியப் பட்டறைகள் பழைய நாளில் விரும்பியது பிரேசில் ஈட்டி. அதற்குக் கட்டுப்பாடு வந்து வரத்து குறைந்ததும், 1960-களின் கடைசியிலிருந்து நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈட்டி அந்த இடத்தைப் பிடித்தது. 1992 முதல் பிரேசில் ஈட்டி சர்வதேச வணிகத்துக்கு ஏறக்குறைய முழுத் தடையில் இருக்கிறது. ராமிரெஸ் காலத்துக் கச்சேரிக் கருவிகள் ஏராளமானவற்றின் முதுகில் இருப்பது நம்மூர் மரம்தான். அதை இரண்டாம் தரம் என்று எண்ணிக்கொண்டு வெளிநாட்டு ஈட்டிக்கு அலைவதில் பொருளில்லை.

சிடாரா ஸ்ப்ரூஸா என்பதில் நம் ஊர்க் காற்றுக்கும் ஒரு வாக்கு உண்டு. மாட்ரிட் உள்நாட்டு மேட்டுநிலம், வறண்ட காற்று. சென்னையில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தொடும் நாள்கள் சாதாரணம், ஏ.சி. அறைக்குள் 45-க்கு இறங்கும். இந்த இடைவெளியில் மரத்தின் நீரளவு ஐந்து சதவீதப் புள்ளி மாறலாம். 360 மி.மீ. அகலமுள்ள ஸ்ப்ரூஸ் பலகை, ஒட்டாமல் தனியே இருந்தால், இதில் 2.5 மி.மீ.யை ஒட்டி விரிந்து சுருங்கும். செஞ்சிடார் சுமார் 1.5 மி.மீ.தான். அடியில் குறுக்குச் சட்டம் ஒட்டிக் கட்டிப்போட்டிருக்கும் பலகைக்கு இந்த வித்தியாசம் வெடிப்பா இல்லையா என்பதன் வித்தியாசம். எந்த வரைபடமானாலும் சட்டம் ஒட்டும் வேலையை 45 முதல் 50 சதவீத ஈரப்பதத்தில் செய்ய வேண்டும். ஈரமான நாளில் ஒட்டிய பலகை வறண்டதும் குவிவை இழக்கும், அதற்கும் மேல் போனால் பிளக்கும். மெல்லிய டோரஸ் பலகைக்கு இதில் சலுகையே கிடையாது. அரக்கு பாலிஷும் மழைக்காலத்தில் வெண்படலம் கட்டும். வடகிழக்குப் பருவமழை நாள்களில் அதைத் தள்ளிவைப்பதே உத்தமம்.

சிடாரின் குறை வேறு. நகம் பட்டாலே பள்ளம் விழும் மென்மை. ரேகை வாக்கில் விறைப்பும் குறைவு, அதனால் ஸ்ப்ரூஸ் அளவைவிடப் பத்து சதவீதம் போலத் தடிமன் விட வேண்டும். டோரஸ் வரைபடத்தின் 2.3 மி.மீ.யை அப்படியே சிடாரில் இழைத்துவிட்டு, ஒரு வருடத்தில் பிரிட்ஜ் முன்னால் சாய்ந்துவிட்டது என்று புலம்புவது அடிக்கடி கேட்கும் கதை. அங்கே 2.5 அல்லது 2.6 மி.மீ. இருந்திருக்க வேண்டும்.

தேர்வு இப்படி அமையும். முதல் கிட்டார் செய்பவர் சாந்தோஸ் அல்லது ஹவுசர் வரைபடத்தை எடுக்கட்டும்: 650 மி.மீ., ஏழு சட்டம், ஸ்ப்ரூஸ். சரிந்த சட்டம் இல்லாத பதிப்பே போதும். குவிவும் கழுத்துச் சாய்வும் கைக்குப் பழகிய பின், இரண்டாவதோ மூன்றாவதோ கருவிக்கு டோரஸ். முதல் கருவிக்கே டோரஸ் என்று பரிந்துரைப்பவர்கள் அமைப்பின் எளிமையைப் பார்க்கிறார்கள், தடிமனில் அது கேட்கும் துல்லியத்தைப் பார்ப்பதில்லை. ஈரப்பதத்தை எப்போதும் ஒரே அளவில் வைத்திருக்க முடியாத பட்டறையென்றால் சிடார் பலகையோடு 650-க்கு வரைந்த ராமிரெஸ் வகை. ஃப்ளேட்டா, நல்ல ஸ்ப்ரூஸ் பலகையின் விறைப்பை விரலால் எடைபோடத் தெரிந்தவருக்கு.

ஆர்டர் கொடுப்பவர் பெயரைச் சொல்வதோடு நிறுத்தக் கூடாது. தந்தி நீளம், மேல்பலகையின் மரம், நட் அகலம் ஆகியவற்றோடு, சேடிலில் தந்தி எத்தனை மில்லிமீட்டர் உயரத்தில் நிற்க வேண்டும் என்பதையும் எழுதிக் கொடுக்க வேண்டும். பிரிட்ஜின் எடையையும் கேளுங்கள்: ஈட்டியில் 16 முதல் 20 கிராமுக்குள் வரும். அழகுக்காகக் கருங்காலியில் போடச் சொன்னால் எடை ஏறும். டோரஸ் மாதிரி என்று பணம் கொடுத்துவிட்டு, பலகையின் நடுவிலேயே அந்தக் கூடுதல் கிராம்களை ஏற்றி வைப்பதில் அர்த்தமில்லை.